26 தலைமுறை கண்ட ஒரு குடும்பத் தொழில்

குடும்பத் தொழில்களுக்கான கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்போது நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'உங்களுக்குப் பிறகு யார்?' பலர் மகனைச் சுட்டுவார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரைச் சேர்ந்த அந்தினோரி குடும்பம் இக்கேள்விக்கு 26 தலைமுறைகளாக விடையளித்து வருகிறது. 1385ஆம் ஆண்டு ஜோவான்னி தி பியேரோ அந்தினோரி என்பவர் அந்நகரத்து ஒயின் வணிகர் சங்கத்தில் உறுப்பினரானார். அத்தொழில் இன்றும் அவருடைய வழித்தோன்றல்களிடமே உள்ளது. பட்டு வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் இக்குடும்பத்தார் ஒரு காலத்தில் ஈடுபட்டிருந்தனர் என்பது நம் போன்றோருக்குக் கூடுதல் சுவை. மதுவைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் வாசகர்கள், இதனை மூலதனம் பற்றிய கட்டுரையாகவே படிக்கலாம்.

1966ஆம் ஆண்டில் பியேரோ அந்தினோரி பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 28. டஸ்கனி வட்டாரத்தின் புகழ்பெற்ற கியாந்தி ஒயின், வைக்கோல் சுற்றிய குடுவையில் மலிவாக விற்கும் சரக்காகத் தாழ்ந்திருந்த காலம் அது. மறு ஆண்டு வந்த அரசு விதி நிலைமையைச் சீர்செய்யவில்லை. சிவப்பு ஒயினாகிய கியாந்தியில் குறைந்தது 10 விழுக்காடு வெள்ளைத் திராட்சை கலந்தே ஆக வேண்டும் என்று அது வகுத்தது. மரபைக் காப்பதே நோக்கம். ஆனால் அந்த மரபுக்கு மூலமாகக் கருதப்படும் ரிக்காசோலி பிரபு, 1872இல் எழுதிய கடிதத்தில், நெடுநாள் வைத்திருந்து பருகும் ஒயினுக்கு வெள்ளைத் திராட்சையைத் தவிர்க்கலாம் என்றே குறித்திருந்தார். மரபின் பெயரால் வந்த விதி, மரபு அளித்திருந்த விலக்கை விட்டுவிட்டது. சுற்றறிக்கைகளுடன் நாள்தோறும் வாழும் எனக்கு இதில் வியப்பேதுமில்லை.

பியேரோவும் அவருடைய ஒயின் வல்லுநர் ஜாக்கோமோ தாகிஸும் தின்யானெல்லோ என்ற ஒரே தோட்டத்தின் திராட்சையைத் தனியே பிரித்தனர். பெரிய மரத்தொட்டிகளுக்குப் பதிலாக 225 லிட்டர் கொள்ளும் சிறிய ஓக் பீப்பாய்களைப் பயன்படுத்தினர். பீப்பாய் சிறிதாக இருந்தால் ஒயின் மரத்தைத் தொடும் பரப்பு அதிகம். மரத்தின் மணமும் சிறிதளவு காற்றும் அதனுள் மெல்லச் சேரும். 1975 முதல் வெள்ளைத் திராட்சையை முற்றிலும் நீக்கினர். விதியை மீறியதால் கியாந்தி என்ற பெயரை 1971ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்தே அவர்கள் கைவிட நேர்ந்தது. மிகச் சிறந்தது என்று தாங்கள் கருதிய சரக்கை, தரவரிசையின் கடைசிப் படியான 'மேசை ஒயின்' என்ற பிரிவில் விற்றனர். பல நூற்றாண்டுப் பெயருள்ள நிறுவனத்துக்கு இது சிறிய துணிச்சலன்று. எனினும் வட்டாரத்தின் பழைய திராட்சையாகிய சாஞ்சியோவேசேயை அவர்கள் கைவிடவில்லை. 1982 முதல் கலவையில் 80 விழுக்காடு அதுவே. எஞ்சியவை பிரான்சிலிருந்து வந்த கபர்னே இனங்கள்.

இத்தொழிலின் உண்மையான இடர் பணம் முடங்குவதில் இருக்கிறது. கொடி நட்டால் பயன்தரத் தக்க விளைச்சலுக்குச் சுமார் மூன்று ஆண்டுகள். அதன்பின் பீப்பாயிலும் புட்டியிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. ரிசர்வா எனப்படும் உயர்வகைக் கியாந்தி கிளாசிக்கோவைக் குறைந்தது 24 மாதங்கள் முதிர வைக்க வேண்டும். அதுவரை கூலியும் வட்டியும் நிற்பதில்லை. (இத்தாலியில் கிரெதித்தோ எமிலியானோ என்ற வங்கி, முதிர்ந்துகொண்டிருக்கும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியையே ஈடாகப் பெற்றுத் தன் கிடங்கில் வைத்துக் கடன் தருகிறது. சரக்கு ஆய்வுக்குச் செல்லும் அங்குள்ள சக அலுவலர்கள் மீது எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு.)

அந்தினோரி குடும்பமும் 1980களில் வெளியார் முதலை நாடியது. கணிசமான பங்கு விட்பிரெட் என்ற பிரிட்டிஷ் பீர் நிறுவனத்திடம் சென்றது. பங்குதாரர் எதிர்பார்க்கும் ஆண்டு வருவாயும், கொடி முதிரக் காத்திருக்கும் விவசாயியின் கணக்கும் எளிதில் ஒத்துப்போவதில்லை. 1990களின் தொடக்கத்தில் பியேரோ அப்பங்குகளைத் திரும்ப வாங்கினார். விற்ற பங்கை மீட்பது, விற்பதைக் காட்டிலும் எப்போதும் சுமையானது; என் பார்வையில் இக்குடும்பத்தின் 600 ஆண்டு வரலாற்றில் மிகத் துணிவான முடிவு அதுவே. பின்னர் பங்குகள் விற்கப்படாதவாறு 90 ஆண்டுகளுக்கு ஓர் அறக்கட்டளை ஏற்பாட்டையும் செய்தார். ஆண்கள் வழியே வந்த நிர்வாகம் இப்போது அவருடைய மூன்று மகள்களிடம் உள்ளது. மூத்தவரான அல்பியேரா தலைவராக இருக்கிறார்.

2012இல் பார்ஜினோ என்னுமிடத்தில் திறக்கப்பட்ட அவர்களுடைய புதிய ஆலை, குன்றுக்குள் புதைந்தாற்போல் கட்டப்பட்டது. கூரைமேல் திராட்சைக் கொடிகள் வளர்கின்றன. திராட்சைச் சாறு மேலிருந்து கீழே தன் எடையாலேயே இறங்குகிறது. பீப்பாய்கள் உள்ள அறையில் இயற்கையான குளிர்ச்சிக்குச் சுடுமண் வளைவுகள்.

விதிகளும் மாறிவிட்டன. 2006 முதல் கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சை சேர்க்கவே தடை; சாஞ்சியோவேசே 80 விழுக்காடு இருந்தால் போதும். தின்யானெல்லோவின் கலவை இன்று அந்த அளவுக்குப் பொருந்துகிறது. ஆயினும் புட்டியின் மேல் கியாந்தி என்ற சொல் இல்லை. டஸ்கனி என்று மட்டுமே அச்சிடுகிறார்கள்.