சுட்டப்படாத கட்டுரையும் முறிந்த கப்பல்களும்

ஆராய்ச்சித் துறையில் பிள்ளைகளை உடைய பெற்றோர் இந்நாளில் ஒரு சொல்லை அடிக்கடி கேட்கின்றனர். ‘மேற்கோள் எண்ணிக்கை’ என்பதே அது. ஒருவர் எழுதிய கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டியுள்ளனர் என்னும் கணக்கு. 2005-இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர் இதனினின்று ‘எச்’ குறியீடு ஒன்றை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறையேனும் சுட்டப்பட்டிருப்பின் அவர் குறியீடு பத்து. வேலையும் பதவி உயர்வும் பலவிடங்களில் இவ்வெண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. இஃது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? பொருள்களின் வலிமையை ஆராய்ந்த ஒருவரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் 1893-இல் பிறந்த ஆங்கிலேயர். லிவர்பூலில் பொறியியல் பயின்று, 1915-இல் ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே ஜி. ஐ. டெய்லர் என்னும் அறிஞரோடு கூடி, முறுக்கப்படும் தண்டினுள் தகைவு பரவும் விதத்தைச் சோப்புப் படலத்தின் சரிவை அளந்தே கண்டறியும் முறையை 1917-இல் வெளியிட்டார். சிறுவர் விளையாட்டுப் போலத் தோன்றும் இம்முறை, கடினமான கணிதத்திற்கு ஈடாக நின்றது.

பின்னர் அவர் மனம் கண்ணாடியில் பதிந்தது. அணுக்களின் பிணைப்பைக் கொண்டு கணக்கிட்டால் கண்ணாடி மிகமிக வலியதாயிருத்தல் வேண்டும். ஆனால் எளிதில் உடைகின்றதே, ஏன்? கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்து அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய வலிமை கூடிற்று. மிக மெல்லிய இழை, தடித்ததைப் போல ஏறக்குறைய 20 மடங்கு தகைவைத் தாங்கிற்று. தடித்த பொருளில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் மலிந்திருப்பதே காரணம் எனக் கண்டார். ஜவுளிக் கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறிது நறுக்கிவிட்டு, ஒரே இழுப்பில் கிழித்துத் தருவதை நாம் பார்த்திருக்கிறோம் அன்றோ? நறுக்கின் நுனியிலேயே விசை முழுதும் குவிகின்றது.

அப்படியாயின் எல்லாக் கீறலும் ஏன் ஓடுவதில்லை? இல்லத்தரசியர்க்கு நன்கு தெரிந்த வரவு செலவுக் கணக்கையே கிரிஃபித் இங்குக் கையாண்டார். கீறல் நீளும்போது பொருளில் தேங்கிய ஆற்றல் விடுபடுகின்றது, அது வரவு. புதிய பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும், அது செலவு. செலவு நீளத்திற்கேற்ப வளரும். வரவோ நீளத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். ஆகவே ஓரளவு வரை கீறல் அடங்கிக் கிடக்கும். அவ்வளவைக் கடந்துவிட்டால் தானே பாய்ந்தோடும்.

1920-இல் இக்கட்டுரையை ராயல் சொசைட்டியின் முன் வைத்தவர் அதே டெய்லரே. மறு ஆண்டில் அச்சேறிற்று. ஆயினும் பொறியாளருள் பெரும்பாலோர் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். கண்ணாடிக்குரிய செய்தி, உருக்குக்கு ஆகாது என்பது அவர்தம் எண்ணம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா 2,700-க்கு மேற்பட்ட ‘லிபர்ட்டி’ கப்பல்களைக் கட்டிற்று. தகடுகளை ஆணியடித்துப் பிணைக்காமல் பற்றவைத்தே இணைத்தனர். ஆணி வரிசையில் நின்றிருக்கக் கூடிய விரிசல் இப்போது தடையின்றி ஓடலாயிற்று. 1943 ஜனவரியில், அதே முறையில் கட்டப்பட்ட ‘ஷெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல், போர்ட்லாந்துத் துறையில் அமைதியான நீரில் நின்றபடியே பிளந்தது. அவ்வாண்டு நவம்பரில் ‘ஜான் பி. கெயின்ஸ்’ என்னும் லிபர்ட்டி கப்பல் கடலில் இரண்டாக முறிந்து 10 பேர் மாண்டனர். குளிரில் அவ்வுருக்கு கண்ணாடியைப் போல நொறுங்குந்தன்மை அடைந்ததைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்னும் பெண்மணி ஆராய்ந்து விளக்கினார்.

போருக்குப் பின், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் இர்வின் கிரிஃபித்தின் கணக்கை மீண்டும் கையிலெடுத்தார். உலோகம் முறியுமுன் நுனியில் சற்றே நெகிழ்கின்றது. அந்நெகிழ்ச்சிக்காகும் ஆற்றலையும் செலவில் சேர்த்தால் கணக்கு உருக்குக்கும் பொருந்திற்று. 1921-இன் கட்டுரையை எவரேனும் கருத்தூன்றிப் படித்திருந்தால் கப்பல்கள் தப்பியிருக்கும் என்று கூறுவது மிகை, இத்திருத்தம் இன்றியமையாதது. ஆனால் திருத்துவோர் வர முப்பது ஆண்டாயிற்று என்பதே நம்மை உறுத்துகின்றது. இன்று அக்கட்டுரையைச் சுட்டாத முறிவியல் நூலைக் காண்பது அரிது. 1930-இல் எண்ணியிருந்தால் அதன் மதிப்பு என்னவாயிருந்திருக்கும்?

இதனை அறிஞர் உலகமும் உணராமலில்லை. இதழின் பெருமையைக் கொண்டு ஆய்வாளரை எடை போடலாகாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறிக்கை வகுத்தனர். எனினும் தேர்வுக் குழுக்களுக்கு எண் எளிது, படிப்பது கடினம்.

கிரிஃபித்தோ விரிசல்களை விட்டு விமான இயந்திரங்களின்பால் திரும்பினார். 1939-இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ஜெட் இயந்திரங்களுக்கு உழைத்து, 1963-இல் மறைந்தார். மேற்கோள்களைத் தொகுக்கும் அட்டவணை முறையாக வெளிவரத் தொடங்கியது அதற்கடுத்த ஆண்டில்.