தட்டிப் பார்த்து வாங்க வேண்டிய ஓடம்

'ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி' என்பது நம் பழமொழி. மாலுமி எத்துணை வல்லவனாயினும் கலம் பழுதானால் பயனில்லை. கடல் அலைகளின்மீது ஒருவர் தனியே அமர்ந்து துடுப்பு வலித்துச் செல்லும் 'சர்ஃப் ஸ்கி' என்னும் ஓடத்திற்கு இது முற்றிலும் பொருந்தும்.

இவ்வோடம் பிறந்த இடம் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் போர்ட் மக்வாரியில், 1912ஆம் ஆண்டில், மெக்லாரன் சகோதரர்கள் தங்கள் குடும்பத்தின் சிப்பிப் பண்ணையைச் சுற்றிவர இதன் முன்னோடியைப் பயன்படுத்தினர். பின்னர் அந்நாட்டுக் கடற்கரை உயிர்காப்பாளர்கள் இதனைக் கைக்கொண்டனர். இன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் போன்ற இடங்களில் நெடுந்தூரக் கடற்பந்தயங்களிலும் இது ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அகலமோ அரை மீட்டர் அளவே.

நம் கட்டுமரத்தைப் போலவே இதிலும் ஆள் மேலேதான் அமர்கிறார். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கட்டுமரத்தில் மரமே மிதப்பதால், இடுக்கில் நீர் புகுந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சர்ஃப் ஸ்கியோ மூடிய உட்குழிவு உடையது. பொருத்துவாயில் கசிவு இருப்பின், உள்ளே நீர் சேர்வது ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. கரையிலிருந்து வெகுதூரம் சென்றபின் ஓடம் கனத்துத் தள்ளாடும்போதுதான் உண்மை விளங்கும். ஆகவே சோதனையைக் கரையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி இழைத் துணியில் ரெசின் ஊட்டி, இரு அடுக்குகளுக்கு நடுவே நுரைப்பலகை வைத்து ஓட்டினைச் செய்கின்றனர். இங்கே நாம் வகுப்பில் படித்த இயற்பியல் வேலை செய்கிறது. ஒரு தகட்டின் கனம் இரு மடங்கானால் அதன் வளையா உறுதி எட்டு மடங்காகும். எடையற்ற நுரை கனத்தைக் கூட்டி உறுதியைத் தருகிறது. ரெசின் மிகுந்தால் பாரம் ஏறுமேயன்றி வலிமை ஏறாது. குறைந்தால் ஊசித்துளைகள் விழுந்து நீர் புகும். கண்ணாடி இழை ஓடம் 18 கிலோ அளவிலும், விலையுயர்ந்த கார்பன் இழை ஓடம் 11 கிலோ அளவிலும் இருக்கும். சொன்ன எடை சரிதானா என்று தராசில் நிறுத்துப் பார்ப்பது நன்று.

சந்தையில் பானை வாங்கும் பாட்டி சுண்டிப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுவே இங்கும் முறை. ஒரு ரூபாய் நாணயத்தால் ஓடம் முழுதும் தட்டிக்கொண்டே வர வேண்டும். 'டக்' என்று தெளிவாக ஒலித்து வந்தது ஓரிடத்தில் மட்டும் 'பொத்'தென்றால், அடுக்குகள் உள்ளே பிரிந்துள்ளன என ஐயுறலாம். குதிகால் ஊன்றும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. சிலந்தி வலை போன்ற கீறல்கள் முன்பு அடிபட்டதன் அடையாளம்.

அடுத்துக் கசிவுச் சோதனை. ஓட்டில் சிறு காற்றுத்துளை ஒன்று இருக்கும். வெயிலில் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் உட்காற்று பத்தில் ஒரு பங்கு விரிய முயலும். துளை அடைபட்டிருந்தால் பொருத்துவாய் பிளக்கும். அத்துளையை விரலால் மூடி, வடிகால் வழியே வாயால் மெல்ல ஊதி, விளிம்புகளில் சோப்புநீர் தடவினால் குமிழிகள் கசிவைக் காட்டிக்கொடுக்கும். காற்றடிக்கும் பம்பை மட்டும் பயன்படுத்தலாகாது. நல்ல ஓடமும் பிளந்துவிடும்.

இனி இணைப்புப் பொருள்கள். சுக்கானைப் பிடித்து ஆட்டினால் அதன் தண்டு தளர்ந்து ஆடக் கூடாது. சுக்கானை இயக்கும் கயிறு திரும்பும் மூலைகளில் நைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்மிதி நம் கால் நீளத்திற்கேற்ப நகர்ந்து, பூட்டியபின் அசையாதிருக்க வேண்டும். திருகாணிகள் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகாக இருப்பின் உப்புநீரை நன்கு தாங்கும். இருக்கைக் குழியில் சேரும் நீரை வெளியேற்றும் அமைப்பு, ஓடம் விரையும்போது கீழே ஓடும் நீரின் அழுத்தம் குறைவதால் உறிஞ்சி இயங்குவது. ஓடம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஆளையும் ஓடத்தையும் பிணைக்கும் கயிறு. கவிழ்ந்தால், இலேசான ஓடத்தைக் காற்று நீந்துபவரைவிட விரைவாக அடித்துச் சென்றுவிடும். எனவே கயிறு மாட்டும் வளையத்தை முழு வலுவோடு இழுத்துப் பார்க்காமல் கடலில் இறங்கலாகாது.

வாங்கியபின்னும் கடமை முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவி நிழலில் வைத்தல், மணலில் இழுக்காது தூக்கிச் செல்லுதல், சிறு கீறலை அன்றே அடைத்தல் ஆகியவை ஓடத்தின் ஆயுளை நீட்டிக்கும்.

என் தந்தை கடலோடி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் குப்பத்திற்கு வந்த ஃபைபர் படகு ஒன்று இரண்டே ஆண்டில் பக்கம் உரிந்து போனதை இன்றும் சொல்லுவார். "பெயிண்டின் பளபளப்பைப் பார்த்தோம், தட்டிப் பார்க்கவில்லையடா" என்பார். படகு எந்நாட்டதாயினும், கடல் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அதற்கு விடையைக் கரையிலேயே தேடிக்கொள்வோமாக!