புதுத்தொழில் முனைவோருக்கு ஒரு வழித்துணைவர்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் நடப்போர் மிளகு, சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணத்தை இன்றும் உணரலாம். மிளகின் முன்பேர வாணிபத்தை நடத்திய வணிகர் சங்கம் இங்கேதான் 1957-ஆம் ஆண்டில் தோன்றியது. அயல்நாடுகளின் தேவையை அறிந்து முதலிடுவது இவ்வூருக்குப் பழகிய தொழில். ஆயின், மிளகு வாணிபம் பழகுவோனுக்குப் பக்கத்துப் பண்டகசாலையிலேயே அனுபவசாலிகள் இருந்தனர். புதியதொரு மின்னணுக் கருவியை ஆக்கி விற்க எண்ணும் கல்லூரி மாணவன் யாரிடம் சென்று கேட்பான்?

இக்குறையைப் போக்கவே, கொச்சியை அடுத்த களமசேரியில் 2012 ஏப்ரல் மாதத்தில் 'ஸ்டார்ட்அப் வில்லேஜ்' என்னும் தொழில் அடைகாப்பகம் திறக்கப்பட்டது. அரசும் தனியாரும் கூடி நடத்திய நிலையம் அது. அமர்ந்து பணிபுரிய இடம், கருவிகள், சட்டமும் கணக்கும் பற்றிய ஆலோசனை ஆகியவற்றை அது இளைஞர்க்கு அளித்தது. பத்தாண்டுகளில் ஆயிரம் தொழில்கள் என்பது அதன் குறிக்கோள். அடைகாத்த முட்டையெல்லாம் பொரிவதில்லை என்பதைக் கோழி வளர்ப்போர் அறிவர், இதுவும் அத்தகையதே. பின்னர் அது இணையவழிப் பயிற்சியாக உருமாறியது.

கேரள அரசு அக்காலத்தில் எடுத்த ஒரு முடிவு ஆசிரியர்கள் கருதத்தக்கது. தொழில் தொடங்கும் மாணவர்க்கு வருகைப் பதிவில் 20 சதவிகிதமும் மதிப்பெண்ணில் 4 சதவிகிதமும் சலுகை வழங்கப்பட்டது. வருகைச் சலுகை நியாயமே; மதிப்பெண்ணைக் குறித்து இருவேறு கருத்துக்கு இடமுண்டு.

அந்நிலையத்தின் தலைமை வழிகாட்டியாக விளங்கியவர் திரு. சேனாபதி கோபாலகிருஷ்ணன். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த இவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977-இல் பௌதிகத்திலும் 1979-இல் கணிப்பொறி இயலிலும் முதுநிலைப் பட்டங்கள் பெற்றார். 1981-இல் இன்போசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த எழுவருள் ஒருவர். 2007 முதல் 2011 வரை அதன் தலைமை நிர்வாகி.

முன்னோர் பட்ட பாட்டைப் புதியவர் படித்தறிய வேண்டும் என்பதில் இவருக்கு ஈடுபாடு மிகுதி. இந்தியக் கணிப்பொறித் துறையின் முன்னோடிகளைப் பேசவைத்துப் பதிவு செய்த 'இதிஹாசா' முயற்சிக்கு இவரே ஆதரவாளர். அத்துறையின் வரலாற்றை இருவருடன் சேர்ந்து நூலாகவும் 2022-இல் வெளியிட்டார்.

கணிப்பொறியிலிருந்து இவருடைய நாட்டம் மூளைக்குச் சென்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் அமைக்க இவர் குடும்ப அறக்கட்டளை 225 கோடி ரூபாய் அளித்தது. கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டோரை அம்மையம் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. முதுமையில் நினைவு தேய்வது ஏன் என்பதே கேள்வி. படித்த நகரத்தாரைக் கொண்டு வகுத்த நினைவாற்றல் சோதனை, எழுத்தறியா உழவரிடம் பயன்படாது. ஆகவே அவர் வாழ்க்கைக்கேற்ற வினாக்களைக் கேட்டல் வேண்டும். களப்பணியாளர் ஒருமுறை சென்றால் போதாது. அதே வீட்டிற்கு மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும்.

சென்னையில் இவர் ஆதரவில் இயங்கும் மூளை மையமோ வேறு வகையில் ஆராய்கிறது. உறையவைத்த மூளையை மயிரிழையினும் மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, ஒவ்வொன்றையும் நுண்படமெடுத்து, கணிப்பொறியால் மீண்டும் அடுக்கி முப்பரிமாண உருவமாக்குகின்றனர். கருவிலுள்ள சிசுவின் மூளைக்கு இவ்வாறு அமைத்த 'தரணி' என்னும் படத்தொகுப்பு, 5,132 சீவல்களைக் கொண்டது. 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது. உலகில் எவரும் கட்டணமின்றி அதனைக் காணலாம்.