கையில் கிதார் இல்லை, சாப்பாட்டுப் பெட்டி!

இசைத்தட்டின் அட்டையில் பாடகர் என்றால் பளபளக்கும் உடை இருக்கும். கையில் கிதார் இருக்கும். பில் விதர்ஸ் கையில் இருந்தது சாப்பாட்டுப் பெட்டி!

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டுக்கு "சோல்" என்று பெயர். 1971-ல் வெளியான "ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்" அந்த ரக இசைத்தட்டு.

விதர்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். பேச்சு திக்கும். 13 வயதில் தந்தையை இழந்தார். கடற்படையில் 9 ஆண்டுகள் இருந்தார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் போய், போயிங் 747 விமானங்களுக்குக் கழிவறை செய்யும் வேலையில் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தன் பாட்டுகளைப் பதிவு செய்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

32 வயதில் முதல் இசைத்தட்டு வந்தது. பதிவை நடத்தியவர் பிரபல ஆர்கன் கலைஞர் புக்கர் டி.ஜோன்ஸ். அப்படியும் விதர்ஸ் வேலையை விடவில்லை. பாட்டை நம்பிச் சம்பளத்தை விடுவதா? அட்டைப்படம்கூட தொழிற்சாலையில், சாப்பாட்டு இடைவேளையில் எடுத்ததுதான்.

அதில் "எயின்ட் நோ சன்ஷைன்" இரண்டே நிமிடப் பாட்டு. பிரிந்து போனவளை நினைத்து ஏங்குவது. நடுவில் ஒரே சொற்றொடரை 26 தடவை சொல்வார். அங்கே வேறு வரிகள் எழுதத்தான் நினைத்திருந்தார். அப்படியே இருக்கட்டும் என்றார்கள், உடன் வாசித்தவர்கள். அனுபவசாலிகள் ஆயிற்றே, கேட்டுக்கொண்டார். கேட்பவர் நெஞ்சை அடைப்பதும் அந்த இடம்தான்.

1972-ல் அந்தப் பாட்டுக்கு "கிராமி" பரிசு கிடைத்தது. விற்பனையும் எகிறியது. கம்பெனி கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பொன்னிறக் கழிவறை இருக்கை!