குப்பைக்கீரையைத் தெரிஞ்சுக்குவோம்

களை எடுக்கும்போது நாம் பிடுங்கி வரப்பில் வீசுகிறோமே குப்பைக்கீரை, அது காசு கொடுத்து வாங்கும் சிறுகீரை, அரைக்கீரைக்குச் சொந்தம்தான். நாம் விதைக்க வேண்டாம்; ஒரு மழை பெய்தால் தானே முளைக்கும்.

அடையாளம் என்ன? இலைக்காம்பு நீளமாக இருக்கும். இலை நுனியில் சின்னப் பள்ளம் தெரியும். தண்டில் முள் இருக்காது. கணுவுக்குக் கணு இரண்டு முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கதிரில் பச்சையாகப் பூக்கும். காற்றுதான் மகரந்தத்தைச் சேர்க்கிறது. பளபளப்பான கறுப்பு விதைகளைக் கொட்டியதும் செடி காய்ந்துபோகும். அதனால் கதிர் விடும் முன்னே பறித்தால்தான் இளசாக இருக்கும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தக் கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடைந்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் கீரை சாப்பிடுகிறோமே என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சாக்கடை ஓரம், களைக்கொல்லி அடித்த வயல், யூரியா அதிகம் போட்ட இடம், இங்கெல்லாம் பறிக்க வேண்டாம். நல்ல இடத்தில் பறிப்போம். விதைக்கு நாலு செடியை விட்டுவைப்போம்.