நிலமட்ட ஓசோனைக் காடுகள் உறிஞ்சும் முறை: இராசபாளையம் – திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வானின் மேலடுக்கில் உள்ள ஓசோன் புறஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. நிலமட்டத்தில் அதே வளிமம் நுரையீரலுக்கும் பயிருக்கும் ஊறு செய்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிவதால் அது உருவாகிறது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர வரையறை, எட்டு மணிநேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்பதை ஓசோனின் வரம்பாகக் கொண்டுள்ளது. இவ்வளிமத்தைக் காடுகள் உறிஞ்சும் அளவு எதனைச் சார்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உறிஞ்சும் வழிகள்

மூச்சுவிடவும் நீரை வெளியேற்றவும் திறக்கும் இலைத்துளைகளின் வழியே ஓசோன் உட்புகுந்து அழிகிறது. இலைப்பரப்பு, மரப்பட்டை, மண் ஆகியவற்றில் பட்டும், மரங்கள் வெளியிடும் நறுமணச் சேர்மங்களோடு வினைபுரிந்தும் எஞ்சியதில் ஒரு பகுதி அழிகிறது.

அளவிடலும் கணிப்பும்

காட்டின் உச்சிக்கு மேல் உயரும் கோபுரத்தில், காற்றின் மேல்கீழ் அசைவும் ஓசோன் செறிவும் நொடிக்குப் பத்து முறையேனும் பதிவு செய்யப்படும். இரண்டின் ஏற்ற இறக்கங்களும் இணைந்து மாறுவதிலிருந்து கீழிறங்கும் ஓசோனின் அளவு பெறப்படும். கோபுரம் இல்லாத இடங்களில் மாதிரிகள் உதவுகின்றன. வெஸ்லி 1989இல் வெளியிட்ட மாதிரி, காற்றோட்டம், இலையை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கு, இலைப்பரப்பு ஆகிய மூன்றின் தடைகளைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையின் தலைகீழியைப் படிவு வேகமாகக் கொள்கிறது. செறிவு 80 மைக்ரோகிராம், படிவு வேகம் நொடிக்கு 0.5 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஒரு ஹெக்டேர் காடு மணிக்கு 14.4 கிராம் ஓசோனை அகற்றும். வேகம் 0.2 ஆகக் குறைந்தால் அது 5.8 கிராமாகச் சுருங்கும்.

மலையடிவாரக் காடுகளின் இயல்பு

திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988இல் அமைக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த இப்பகுதி வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. இராசபாளையத்தை அடுத்த அடிவாரத்திலும் இதே நிலைதான். கோடையில் வெயிலால் ஓசோன் உருவாக்கம் விரைவுபடும் காலத்தில்தான், அடிவாரத்து உலர் இலையுதிர் மரங்கள் இலையுதிர்த்தும், எஞ்சிய இலைகளின் துளைகளை மூடியும் நீரைக் காக்கின்றன. ஓடைக்கரை மரங்களும் மேல்மலைப் பசுமைமாறாக் காடுகளும் ஈரம் உள்ளவரை துளைகளைத் திறந்து வைக்கின்றன. எனவே ஆண்டு முழுமைக்கும் ஒரே படிவு வேகத்தைக் கொண்டு காட்டின் பரப்பைப் பெருக்கினால் பிழையான விடையே கிட்டும். மண்ணீரம், இலைப்பரப்பின் பருவ மாற்றம், காற்றின் வறட்சி ஆகியவை மாதிரியில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

ஓசோனை உறிஞ்சும் இலை அதனால் தானும் நலிவுறுகிறது. அதன் ஒளிச்சேர்க்கைத் திறன் குன்றுகிறது. தேவை மிகும் பருவத்தில் உலர்காட்டின் உறிஞ்சுதிறன் குறைவதால், காடு இருப்பதைக் காட்டிப் புகையைப் பெருக்குவது பொருந்தாது. ஓசோனுக்கு மூலமான வளிமங்களைக் குறைப்பதும், ஓடைக்கரைக் காடுகளின் நீர்வளத்தைக் காப்பதும் ஒருங்கே நிகழ வேண்டும் என்பது இவ்விளக்கத்தால் பெறப்படுகிறது.