தோட்டா எங்கே போகிறது?

சமையலறைக் குழாயைத் திறந்து, விழும் நீருக்குக் கீழே ஒரு தட்டையான தட்டை நீட்டிப் பாருங்கள். நீர் தட்டில் மோதி, அதன் பரப்பை ஒட்டியே நாலாபக்கமும் ஓடும். இப்போது தட்டுக்குப் பதிலாக ஒரு கரண்டியை, குழிவான பக்கம் மேலே இருக்கும்படி நீட்டுங்கள். அதே நீர் குழியின் வளைவில் திரும்பி, மேல்நோக்கிப் பாய்ந்து உங்கள் சட்டையை நனைக்கும். அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் செய்வது நல்லது.

அமெரிக்காவின் கிராமப்புறங்களில், வீட்டுக்குப் பின்னால் பல ஏக்கர் நிலம் உள்ள சிலர் சொந்தமாகத் துப்பாக்கி சுடும் திடல் அமைத்துக்கொள்கிறார்கள். காகித இலக்குக்குப் பதிலாக எஃகுத் தகட்டைச் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். குறி தப்பாமல் பட்டால் ‘டிங்’ என்று மணியோசை கேட்கும். பட்டதா என்று நடந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. காணொளிகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது, ஆகவே இது நம் வீட்டுக் கொல்லைப்புற வேலை அல்ல. ஆனாலும் அப்படி ஒரு காணொளியில் யாரோ பழைய இரும்புக் கடைத் தகட்டை மாட்டிவிட்டு, பக்கத்தில் தன் பிள்ளையையும் நிற்க வைத்திருந்தால், அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். விடை அந்தக் கரண்டியில்தான் இருக்கிறது.

490 ஜூல் என்ன ஆயிற்று?

முதலில் ஒரு கணக்கு. சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றின் நிறை 8 கிராம், வேகம் விநாடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்கச் சக்தி கிடைக்கும்: 490 ஜூல்.

இலக்கு 30 செ.மீ. சதுரம், 1 செ.மீ. தடிமன். எஃகு என்பதால் ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். தோட்டாவின் உந்தம் 0.008 × 350, அதாவது 2.8. அது முழுவதும் தகட்டுக்குப் போனால், 2.8-ஐ 7-ஆல் வகுங்கள்: தகடு விநாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி அசையும். அந்த அசைவில் உள்ள சக்தி வெறும் 0.56 ஜூல். வந்த சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! சினிமாவில் குண்டு பட்ட வில்லன் பத்தடி பறந்துபோய் விழுவதை இனிமேல் சிரித்துக்கொண்டே பாருங்கள்.

மீதிச் சக்தியில் பெரும்பகுதி தோட்டாவையே நசுக்கி, கிழித்து, சூடாக்குகிறது. தோட்டாவின் உள்ளே இருப்பது ஈயம். (பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது காரீயம். இரண்டும் வேறு தனிமங்கள்.) காரீயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். நம் ஊர் வெப்பநிலையில் இருக்கும் 8 கிராம் காரீயத்தை முழுவதும் உருக்க எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? கிட்டத்தட்ட 490 ஜூல். தோட்டா கொண்டுவந்த அதே அளவு! உண்மையில் ஒரு பகுதி வெப்பம் தகட்டுக்கும், ஈயத்தைச் சுற்றியுள்ள செம்பு உறைக்கும் போய்விடுவதால் எல்லாம் உருகுவதில்லை. ஆனால் மோதும் கணத்தில் உண்டாகும் அழுத்தத்தில், உருகாத ஈயமும் நீரைப் போலவே வழிந்தோடுகிறது. செம்பு உறை மட்டும் கூரான துண்டுகளாகக் கிழிகிறது.

ஆகவே குழாய் நீரும் தட்டும் வெறும் உவமை அல்ல. தகடு தட்டையாக, வழவழப்பாக இருந்தால் ஈயமும் செம்பும் அதன் பரப்பை ஒட்டி, விசிறி போல எல்லாப் பக்கமும் தெறிக்கும். சுடுபவர் பக்கம் திரும்பி வருவது குறைவு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தகட்டின் மேல் விளிம்பு முன்னால் சாய்ந்திருக்கும்படி தொங்கவிடுகிறார்கள். அப்போது தெறிப்பின் பெரும்பகுதி தரைக்குப் போகும். தகட்டுக்குப் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடமாட்டார்கள். வேடிக்கை பார்ப்பவர் உட்பட எல்லாருக்கும் கண்ணாடி கட்டாயம். குறைவு என்றால் இல்லை என்று பொருள் அல்லவே.

தகட்டில் குழி விழுந்திருந்தால்? அது கரண்டி. உருகும் நிலைக்குச் சூடேறிய ஈயமும், பிளேடு போன்ற செம்புத் துண்டும் வளைவில் திரும்பி, வந்த வழியே முகத்துக்கு வரும்.

கடினம் எவ்வளவு?

குழி விழுமா விழாதா என்பது எஃகின் கடினத்தன்மையைப் பொறுத்தது. அதை அளக்கும் முறையை ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் வெளியிட்டார். 10 மி.மீ. விட்டமுள்ள கடினமான பந்து ஒன்றை 3,000 கிலோ எடைக்கு ஈடான விசையால் உலோகத்தில் அழுத்தி, உண்டாகும் பள்ளத்தின் அகலத்தை அளப்பார்கள். பள்ளம் சிறியதானால் எண் பெரியது. கதவுக்கும் வேலிக்கும் பயன்படும் சாதாரண எஃகுக்கு எண் பெரும்பாலும் 120 முதல் 150 வரை. இலக்குத் தகடுகளுக்கு 500 அளவில் இருக்கும். பழைய இரும்புக் கடைத் தகடு ஏன் ஆபத்து என்பது இப்போது புரிகிறதா?

500 இருந்தாலும் போதாத நேரம் உண்டு. நீள்துப்பாக்கித் தோட்டா விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகக்கூடியது. மோதும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால், 350 மீட்டர் வேகத் தோட்டாவைவிட இது ஆறு மடங்குக்கும் மேல். அருகிலிருந்து சுட்டால் நல்ல தகட்டிலும் குழி விழும். காற்றின் தடை வேகத்தைக் குறைக்கட்டும் என்றுதான் நீள்துப்பாக்கிக்கு ஏறக்குறைய 90 மீட்டர் தூரம் விடுவது வழக்கம்.

இன்னொரு ஏமாற்றம் கண்ணுக்கே தெரியாது. கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய பாராங் கத்தியை நீரில் முக்கும்போது ‘சுர்ர்’ என்று கேட்குமே, அதுதான் எஃகைக் கடினமாக்கும் நொடி. திடீரெனக் குளிர்வதால் கரிம அணுக்கள் இரும்பு அணுக்களுக்கு இடையில் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றன. அந்த நிலைக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். இலக்குத் தகடும் இப்படிச் செய்யப்பட்டதே. அதை ஒருவர் வீட்டில் எரிவாயுச் சுடரால் வெட்டினாலோ, அதில் கொக்கியைப் பற்றவைத்தாலோ, அந்த இடம் சூடேறி, சிக்கிய கரிமம் விடுபட்டு, எஃகு மென்மையாகிவிடும். விற்றவர் சொன்ன 500 என்ற எண் அந்த ஓரத்தில் மட்டும் பொய்யாகிவிடும். தகடு பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். இதைத் தவிர்க்க, தொழிற்சாலைகளில் அதிவேக நீர்த்தாரையால் வெட்டும் வழக்கமும் உண்டு. தட்டில் ஓடிய அதே நீர்தான், மணல் கலந்து, அழுத்தம் கூட்டி!

தெறித்த ஈயம் தரையில் விழுந்ததும் கதை முடிவதில்லை. மண் அமிலத் தன்மையோடு இருந்தால் மழைநீரில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால் நன்றாக நடத்தப்படும் திடல்களில் மண்ணின் அமில அளவைச் சோதித்து, சுண்ணாம்பு தூவி அதைக் குறைக்கிறார்கள். அவ்வப்போது மண்ணைச் சலித்து ஈயத்தைப் பிரித்து, மறுபயனுக்கு அனுப்புகிறார்கள். நுண்ணிய ஈயத் தூசு கையிலும் காலணியிலும் ஒட்டும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை, இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. காலணியோடு வீட்டுக்குள் நடமாடும் பழக்கம் அமெரிக்காவில் பலருக்கு உண்டு. திடலிலிருந்து திரும்புபவர் அப்படியே வரவேற்பறைக்குள் நடந்தால், தூசு தரைவிரிப்பில் தங்கிவிடும், அங்கேதான் குழந்தை தவழும்.